பூவத்துக்குத் தெற்கே ஒரு முரசு

தரங்கம்பாடியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், நண்டலாறு கழிந்ததும் பூவம். தமிழ்நாடு விடைபெற்று, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டம் தொடங்கும் இடம். சோதனைச் சாவடி, எல்லையை நம்பிப் பிழைக்கும் மதுக்கடைகள், பெட்ரோல் விலையைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறவர்கள். வெளியூர்க்காரருக்குப் பூவம் என்றால் இவ்வளவுதான். பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரின் இருப்பிடம் வேறு கணக்கு. வடக்கே கொஞ்ச தூரத்தில் சீர்காழி. தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் நாகூர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய தொண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் இது.

வடக்குத் தொண்டை சீர்காழி கோவிந்தராஜன். 1933இல் பிறந்தவர், தமிழிசைக் கல்லூரியும் திருப்பாம்புரம் சாமிநாத பிள்ளையும் செதுக்கிய குரல். தெற்குத் தொண்டைக்குக் கல்லூரி இல்லை. அதன் சொந்தக்காரர் இஸ்மாயில் முகமது ஹனிபா. உலகம் அறிந்த பெயர், நாகூர் இ.எம். ஹனிபா. பட்டம், இசை முரசு. கோயில் திருவிழாவுக்குச் சீர்காழியின் பிள்ளையார் பாட்டோடு மைக் செட்டை ஆரம்பிக்கும் அதே ஆள், தர்காவின் கந்தூரி விழாவுக்கு ஹனிபாவோடு ஆரம்பிப்பார். தி.மு.க. கூட்டத்துக்கும் ஹனிபாவோடுதான் ஆரம்பிப்பார். இந்தக் கடைசி வரியில்தான் ஹனிபாவின் கதை இருக்கிறது. தர்காவுக்கும் கட்சிக்கும் ஒரே குரல். இரண்டு இடத்திலும் அது செய்த வேலையும் ஒன்றே: ஆளைக் கூப்பிடுவது.

1925 டிசம்பர் 25 அன்று ராமநாதபுரத்தில் பிறந்தார். சொந்த ஊர் நாகூர். 2025இல் நூற்றாண்டு வந்தபோது நாகூரில் ஒரு தெருவும் சில்லடிக் கடற்கரைப் பூங்காவும் அவர் பெயரைப் பெற்றன. அரசு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. அந்தக் குரல் எப்படி வேலை செய்தது என்ற கேள்வி மட்டும் பேசப்படாமலே கிடக்கிறது.

அதற்கு முன் இந்தக் கடற்கரையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

காரைக்காலின் முதல் பாடகி காரைக்கால் அம்மையார். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் அவரை நினைக்கும் நாம், அவருக்குத் தோல்கருவிகள் மீது இருந்த பிடிப்பை அவ்வளவாக நினைப்பதில்லை. திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடும்போது பக்கத்தில் என்னென்ன முழங்கின என்று பட்டியலே தருகிறார். குடமுழா, மத்தளம், தமருகம், தக்கை, மொந்தை, கரடிகை, துந்துபி என்று போகிறது அது. சுரங்களின் பெயரும் தெரியும், கொட்டுகளின் பெயரும் தெரியும், பேயுருவம் கொண்ட அந்த அம்மையாருக்கு. பாட்டும் கொட்டும் ஒட்டிப் பிறந்தவை என்பது இங்கே பதினைந்து நூற்றாண்டுப் பழக்கம்.

பிற்காலத்திலும் இந்த வட்டாரம் ஜனங்கள் பாடும் பாட்டுக்கு விளைநிலம். பூவத்துக்கு மிக அருகில் இருக்கும் தில்லையாடியில் பிறந்தவர் அருணாசலக் கவிராயர் (1711–1779). சீர்காழியில் குடியேறி ராம நாடகக் கீர்த்தனை செய்தார். நாகூருக்குப் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரம் பாடினார். பண்டிதர்கள் இலக்கணப் பிழை பார்த்துக்கொண்டிருக்கையில் ஜனங்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அதைக் கேட்டு மயங்கிப்போய் அச்சேற முன்நின்றவர் காரைக்காலில் வேலை பார்த்த சீஸ் என்ற பிரெஞ்சு அதிகாரி. உ.வே. சாமிநாதையரின் எழுத்து வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி இது. ஒரு சேரிப் பண்ணையாளின் கதையை ஒரு பிராமணர் பாட, ஒரு பிரெஞ்சுக்காரர் அச்சுக்குக் கொடுக்கிறார். தரங்கம்பாடியில் டேனியர்களின் லுத்தரன் மிஷன் தமிழ்ச் சந்தத்தில் கிறிஸ்தவப் பாட்டுகளை வளர்த்தது. நாகூரில் தர்கா. யார் வீட்டுப் பாட்டை யார் பாடுவது என்று இந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டவர்கள் ஜெயித்ததில்லை என்று சொல்லலாம்.

நாகூர் ஆண்டவர் என்று எல்லாச் சாதியாரும் அழைக்கும் ஷாகுல் ஹமீது பாதுஷா அடங்கியிருக்கும் இடம் அந்த தர்கா. அதன் ஐந்து மினாராக்களில் உயரமான பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். 131 அடி என்று கணக்குச் சொல்வார்கள். கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலமாக வரும், சந்தனக்கூடு வரும், அதோடு பக்கீர்கள் வருவார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர்கள் அந்தப் பக்கீர்கள்தான். கையில் தாயிரா. ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டப் பறை. பக்கவாத்தியம் என்று தனியாக ஆள் கிடையாது. பாடுகிறவரே கொட்டுவார், கொட்டுகிறவரே பாடுவார். நோன்பு மாதத்தில், விடியலுக்கு முந்தைய சஹர் உணவு நேரத்துக்குத் தெருத்தெருவாக வந்து தாயிரா தட்டிப் பாடி ஊரை எழுப்புவதும் இவர்கள் வேலை. தூங்குகிறவனை எழுப்ப வேண்டிய பாட்டு அது. அதில் கமகம் பிடித்து இழைத்துக்கொண்டிருக்க முடியாது. முதல் அடியே நெஞ்சில் விழ வேண்டும்.

பாடகரும் கொட்டுக்காரரும் ஒரே ஆளாக இருப்பது உலகத்தில் அபூர்வம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் கேரன் கார்ப்பெண்டர் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியதும், இங்கிலாந்தின் ஃபில் காலின்ஸ் ஜெனிசிஸ் குழுவில் டிரம்ஸ் இருக்கையிலிருந்து பாடகராக எழுந்து வந்ததும் பத்திரிகைச் செய்திகள் ஆயின. கர்நாடக சங்கீதத்தில் டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் இரண்டும் கைவந்தவர் என்று வியக்கிறோம். நாகூர்த் தெருவில் அது அன்றாடம் பார்க்கக் கிடைத்த காட்சி.

சிறுவன் ஹனிபா வளர்ந்தது அந்தச் சத்தத்தில். பைத்து சபைகளில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பாட ஆரம்பித்துவிட்டார். பைத்து என்பது கூட்டமாகப் பாடுவது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்துகொண்டே பாட வேண்டும். நடையும் தாளமும் ஒன்றாக வேண்டும். முறைப்படி ஒரு குருவிடம் பாடம் கேட்காத ஹனிபாவுக்கு இதுதான் குருகுலம். பின்னாளில் ஹனிபா மேடையில் தாயிரா பிடிக்கவில்லை. பின்னால் தபேலாவும் ஆர்மோனியமும் இருந்தன. ஆனால் தாயிரா எங்கே போயிற்று என்றால், என் காதுக்கு அது அவர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

இதைச் சும்மா அலங்காரமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். தென்னை மரத்தில், மூங்கில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர். அந்தக் கூம்புக்குக் கீழ்ஸ்தாயி ஒத்துவராது. தாழ்ந்த அதிர்வுகளை அது வெளியே விடாது. தபேலாவின் வலது, ‘டங்’ என்று கொஞ்சம் கேட்கும். இடது பக்கத்துப் பாயாவின் கனம் அங்கேயே செத்துவிடும். தவிலின் தொப்பியும் மிருதங்கத்தின் தொப்பியும் அப்படித்தான். ஒரு மைல் தாண்டிக் கேட்பவனுக்குக் கொட்டு போய்ச் சேராது. மேல்ஸ்தாயியில் நிற்கும் மனிதக் குரல் போய்ச் சேரும். அப்படியானால் கொட்டின் வேலையையும் குரலே பார்த்தாக வேண்டும்.

ஹனிபா அதைத்தான் செய்தார். அவருடைய பதிவுகளில் எதை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள். வல்லின எழுத்துகளை அவர் உச்சரிப்பதில்லை, தட்டுகிறார். க, ச, ட, த, ப, ற வரும் இடமெல்லாம் தாளத்தின் அடியில் போய் உட்காரும். ஒற்று இரட்டிக்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்திப் பிறகு விடுவார். தோலில் விரல் விழுந்து எழும் அதே இடைவெளி. உயிரெழுத்தில் நீட்டும்போது குரல் அசையாது, நேர்க்கோட்டில் நிற்கும். சாஸ்திரீய ரசிகர்களுக்கு இது வறட்சியாகப் பட்டிருக்கலாம். கமகம் இல்லை, அசைவு இல்லை என்று குறை சொல்லலாம். தூரத்திலிருந்து கேட்கிறவனுக்கு அசைவு வார்த்தையைக் குழப்பும். கொல்லையில் வேலை செய்கிறவனுக்கும் கரையில் வலை உலர்த்துகிறவனுக்கும் சொல் தெளிவாக விழ வேண்டும். தெளிவுக்காக ஹனிபா நெளிவை விட்டுக்கொடுத்தார். நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

உச்ச ஸ்தாயி என்பது அவர் கண்டுபிடித்ததல்ல. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய காலத்தின் பழக்கம் அது. மாயவரத்துப் பிள்ளையான எம்.கே. தியாகராஜ பாகவதர் அதைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார். அறுபதுகளில் மைக்குகள் மேம்பட்டன. பாடகர்கள் குரலைத் தழைத்தார்கள். பி.பி. ஸ்ரீநிவாஸ் காதருகே பேசுவதுபோலப் பாடினார். ஹனிபா தழைக்கவே இல்லை. அவருடைய ரசிகர்கள் இன்னும் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழேதான் இருந்தார்கள்.

இனி அரசியல். சுயமரியாதை இயக்கத்து மேடைகளில் சிறு வயதிலேயே ஏறியவர் ஹனிபா. பெரியாரின் மேடை, பிறகு அண்ணாவின் மேடை. திருக்குவளைக்காரரான மு. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்த காலத்திலேயே இருவருக்கும் பழக்கம். கருணாநிதி ஒன்றரை வயது மூத்தவர். ஒருவர் 1942இல் திருவாரூரில் முரசொலி என்று துண்டறிக்கை போட ஆரம்பித்தார். இன்னொருவர் இசை முரசு ஆனார். திராவிட இயக்கத்துக்கு முரசு மீது அப்படி ஒரு ஆசை. அதற்குப் பின்னால் புறநானூறு இருக்கிறது. மோசிகீரனார் என்ற புலவர் களைத்து வந்து, அறியாமல் சேரனின் முரசுக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரம். வெட்ட வேண்டிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை எடுக்காமல் விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான். இயக்கத்தின் பேச்சாளர்களுக்கு மேடைமேடையாகச் சொல்ல மிகவும் பிடித்த கதை இது. அரசனின் முரசு இருந்த இடத்தில் பாடுகிறவன் படுத்திருக்கிறான்; அரசன் விசிறுகிறான்.

1949 செப்டம்பர் 17இல் தி.மு.க. பிறந்தது. அந்தக் காலத்துப் பொதுக்கூட்டத்தின் நடைமுறையை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவர் சாயங்காலம் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டிருப்பார்கள். முந்தின ஊர்க் கூட்டம் முடிந்து அவர் வந்து சேர இரவு பதினொன்று ஆகும், சில நாள் விடிகாலைகூட ஆகும். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது யார்? உள்ளூர்ப் பேச்சாளரால் ஒரு மணி நேரம் முடியும். அப்புறம் ஹனிபாதான். கூட்டம் சேர்வதற்கு முன்னும் அவர் பாட்டு; கூட்டம் சோர்ந்தால் அவர் பாட்டு. அண்ணா அழைக்கிறார் என்று அவர் பாடிய பாட்டு அப்படியே மைக்கில் விடப்பட்ட அழைப்பிதழ். உதயசூரியன் சின்னத்தைப் பற்றிய பாட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாக்குச்சீட்டில் எங்கே குத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பாடம்.

1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்று பெயர் மாற்றக் கோரி கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். அந்தப் போராட்டத்தைத் தமிழ்நாட்டின் கிராமங்களுக்குக் கொண்டுசேர்த்ததில் பத்திரிகைக்கு எவ்வளவு பங்கோ அதைவிடப் பெரிய பங்கு ஹனிபாவின் கல்லக்குடிப் பாட்டுக்கு. கருணாநிதிக்கு அப்போது 29 வயது. கட்சியில் அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு இளைஞரின் பெயரை ஊர் ஊராகக் காற்றில் எழுதியது அந்தப் பாட்டு. தலைவர் துதிப்பாட்டு என்ற வகையில் தமிழில் எத்தனையோ வந்துவிட்டன. பெரும்பாலானவற்றைக் கேட்க முடியாது. ஹனிபா பாடியவற்றிலும் சில இன்று காதில் ஒட்டவில்லை. சொல் பழசாகிவிட்டது. கல்லக்குடிப் பாட்டு மட்டும் தப்பித்திருக்கிறது. அது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது, வெறும் புகழைச் சொல்லவில்லை என்பதே காரணம் என்று படுகிறது.

இந்தப் பாட்டெல்லாம் காரைக்காலில் எப்படிக் கேட்டிருக்கும்? பூவத்தில் அன்று இருந்தது மாநில எல்லை அல்ல, நாட்டெல்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மண். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் இந்தியா. இந்தப் பக்கம் பிரான்சு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் கொடி மாறியது. சட்டப்படி முழுக்கக் கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. சுங்கக்காரர்கள் துணியையும் வெள்ளியையும் நிறுத்திச் சோதித்தார்கள். ஒலிபெருக்கியைச் சோதிக்க வழியில்லை. சாவடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நடந்தால் இந்தப் பக்கத்து வயலில் கேட்கும். 1969இல் புதுச்சேரியில் தி.மு.க. தலைமையில் ஆட்சி அமைந்து எம்.ஓ.எச். ஃபாரூக் முதல்வரானபோது, காரைக்காலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த வரவேற்புக்கு நிலம் பண்படுத்தியவற்றில் இந்தச் சத்தமும் ஒன்று.

கட்சிக்காரர் என்பதால் ஹனிபாவுக்குப் பக்திப் பாட்டு மேடை குறையவில்லை. கடவுள் மறுப்புப் பேசிய மேடையில் பாடிவிட்டு மறுநாள் தர்காவில் இறைவனைப் பாடும் ஒருவரைப் பார்த்து, இருதரப்பிலும் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் இரண்டையும் மறைக்கவில்லை. தலையில் தொப்பியோடுதான் கட்சி மேடை ஏறினார். கறுப்பு சிவப்புக்காரர் என்று தெரிந்துதான் ஜமாஅத்துகள் அழைத்தன. ஈழம், மலேயா, சிங்கப்பூர் என்று நாகூர் மரைக்காயர்களின் வாணிகம் போன பக்கமெல்லாம் அவர் பாட்டும் போயிற்று.

பாட்டெழுதித் தந்தவர்களை மறக்கக் கூடாது. நாகூர்க்காரரான புலவர் ஆபிதீன், பிறகு நாகூர் சலீம். ஒரே ஊரில் பாடகரும் கவிஞர்களும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாகூர் சாட்சி. மெட்டுக்கு வார்த்தை இடிக்கிறது என்றால் தெருவைத் தாண்டிப் போய் மாற்றி வாங்கிவரலாம். தீன் இசை எனப்படும் இஸ்லாமியப் பாடல்களில் இந்திப் பட மெட்டுகள் ஏராளம் என்பது ஊரறிந்த ரகசியம். இந்தி எதிர்ப்பு உச்சத்தில் இருந்த நாட்களிலும் இந்தி மெட்டுக்கு எதிர்ப்பு இல்லை. தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டால் மெட்டும் தமிழாகிவிடும் என்ற தைரியம் அது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. எழுதியவர் மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர் அப்துல் சலாம். இஸ்லாமியப் பாட்டுதான். ஆனால் முருகன் கோயில் கும்பாபிஷேகத்திலும் மாதா கோயில் தேர்பவனி அன்றும் அது ஒலிப்பதை இந்தக் கடற்கரையில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பதிவு செய்த வகையும் நன்றாக அமைந்துவிட்டது. வாத்தியங்கள் பின்னுக்குப் போய்க் குரலுக்கு இடம் விட்டிருக்கின்றன. கட்டளை இடும் பாட்டு. ஆனால் அதட்டல் இல்லை. வழக்கமாக ஓங்கி அடிக்கிற ஹனிபா இதில் கொஞ்சம் கையைத் தளர்த்தியிருக்கிறார். அந்தத் தளர்ச்சிதான் எல்லா வீட்டுக் கதவையும் திறந்தது.

சினிமா அவரைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. அவரும் அதைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. 1961இல் பாவமன்னிப்பு படத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில், டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து கொண்டாட்டப் பாட்டு ஒன்று. டி.எம்.எஸ்ஸுக்கு எதிரே நின்று குரலில் இளைக்காமல் பாடக்கூடியவர்கள் அன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிறகு நீண்ட இடைவெளி. இளையராஜா அவரை மறுபடி அழைத்தார்: செம்பருத்தி (1992), தர்மசீலன் (1993), பாலு மகேந்திராவின் ராமன் அப்துல்லா (1997). ராமன் அப்துல்லாவில் மத ஒற்றுமையைப் பேசும் பாட்டுக்கு வேறு யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. அப்போது ஹனிபாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. இளையராஜா அந்தக் கரகரப்பை மறைக்கப் பார்க்கவில்லை. மார்க்சிய மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர் அவர். மேடைப் பாட்டுக்காரரின் குரல் எதனால் தேய்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

கட்சி அவருக்கு என்ன தந்தது? சட்ட மேலவை உறுப்பினராக்கியது, வக்ஃபு வாரியத் தலைவராக்கியது, கலைமாமணி வந்தது. 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் வேட்பாளராக நிறுத்தியது. வயது 76. ஆளுங்கட்சியான அ.தி.மு.க.விடம் தோற்றார். அரை நூற்றாண்டு மற்றவர்களுக்காக ஓட்டுக் கேட்டுப் பாடியவருக்குத் தனக்கென்று கேட்டபோது கிடைக்கவில்லை. பாட்டு ஓட்டாக மாறுவதில்லை என்று இதற்கு முடிவு கட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயிக்கக்கூடிய தொகுதியை அவருக்குத் தர வேண்டிய காலம் ஐம்பதுகளும் அறுபதுகளும். 2002இல் தந்தது ஓர் இடைத்தேர்தல், அதுவும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது.

அவர் அதைப் பற்றிப் பொருமிக்கொண்டு திரியவில்லை. 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது சினிமாப் புகழ் மொத்தமும் அந்தப் பக்கம் போயிற்று, ஹனிபா நகரவில்லை. 1993இல் வைகோ விலக்கப்பட்டபோது தஞ்சைத் தரணியின் தொண்டர்களிடையே பெரிய சலசலப்பு, அப்போதும் நகரவில்லை. கருணாநிதியை எழுத வைத்தார், மேடையில் பேச வைத்தார், சில வேளை கண்ணீர் விடவும் வைத்தார். அவர்கள் இருவருக்கும் இடையே இருந்தது கட்சி உறவா, திருவாரூர்ப் பழக்கமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் ஹனிபா மறைந்தார். வயது 89. நாகூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மூன்றாண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 7இல் கருணாநிதியும் போனார்.

ஹனிபாவுக்குப் பிறகு? அவர் காலத்திலேயே காயல் ஷேக் முகமது, இசைமணி யூசுப், முகவை சீனி முகம்மது என்று ஒரு வரிசை இருந்தது. தேரிழந்தூர் தாஜுதீன் போன்றவர்கள் தொடர்ந்தார்கள். ஆனால் மேடை சுருங்கிவிட்டது. எண்பதுகளுக்குப் பின் தமிழ் முஸ்லிம்களிடையே பரவிய தவ்ஹீத் (ஏகத்துவ) பிரசாரம் தர்காவையும் கந்தூரியையும் கேள்வி கேட்டது. வாத்தியத்தோடு பாடுவது ஆகுமா என்றும் கேட்டது. பல ஊர்களில் கந்தூரிக் கச்சேரி நின்றது. இது அந்தச் சமூகத்துக்குள் நடக்கும் விவாதம். வெளியே இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்பவனாக ஒன்று சொல்லலாம்: பக்கீர்களின் தாயிரா குறைந்துபோனால் அடுத்த ஹனிபா எந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்வார்?

கட்சி மேடையிலோ வேறு மாற்றம். தலைவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று சட்டம். இடையில் நிரப்ப யாரும் தேவையில்லை. பிரசார வண்டியில் ஓடுகிற பாட்டுகள் ஸ்டுடியோவில் கணினியில் கோத்தவை. முதலில் இடிப்பது டிரம்ஸ், பாடுகிறவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. கூம்பு ஸ்பீக்கருக்குத் தடை வந்து, அந்த இடத்தில் ஆளுயரப் பெட்டிகள் வந்துவிட்டன. முன்பு கொட்டு செத்துக் குரல் பிழைத்தது. இப்போது கொட்டு பிழைத்துக் குரல் சாகிறது.

காரைக்கால் பக்கத்துக் கல்யாணங்களில் இன்றும் ஹனிபா பாட்டு கேட்பதுண்டு. புதிய பெட்டிகளில் அப்படியே போட்டால் நன்றாக இருக்காது. பழைய பதிவில் இருக்கும் கொஞ்ச அடிச்சத்தத்தையும் பெட்டி ஊதிப் பெருக்கும், குரல் தொண்டை அடைத்தவர் போலக் கேட்கும். அனுபவமுள்ள மைக் செட்காரர்கள் பேஸைச் சுத்தமாகக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றி, பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து மேலே வைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.